வருஷத்துக்கு 8 முறை சளி... குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்று அர்த்தமா?

பள்ளிக்கூடம் திறந்து இரண்டே வாரம்தான் ஆகியிருக்கும். எல்.கே.ஜி. வகுப்புக்கு ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வரும். அடுத்த திங்கள்கிழமை வகுப்பில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும். அதற்கடுத்த வாரம் அம்மா, அப்பா தொடங்கி வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டி வரை எல்லோருக்கும் இருமல். தீபாவளி வருவதற்குள் இந்தச் சுற்று மூன்று, நான்கு முறை வந்துவிடும். அப்போதுதான் சொந்தத்திலோ பக்கத்து வீட்டிலோ யாராவது ஆரம்பிப்பார்கள். "பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை போலிருக்கே... ஏதாவது டானிக் வாங்கிக் கொடேன்!"

இந்த ஒரு வரிக்குப் பின்னால் வீட்டுக்குள் வந்து சேரும் பொருள்களின் பட்டியல் நீளமானது. சத்து பவுடர், சிரப், சப்பிச் சாப்பிடும் வைட்டமின் மாத்திரை, கஷாயப் பொடி. சில வீடுகளில், போன முறை மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக்கும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. இதில் எது தேவை, எது வீண் செலவு, எது ஆபத்து என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வாரப் பகுதி.

எத்தனை முறை வந்தால் 'அடிக்கடி'?

சாதாரண சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். அவற்றில் முதலிடம் ரைனோ வைரஸுக்கு. அதில் மட்டும் 160-க்கும் அதிகமான வகைகள் இருக்கின்றன. ஒரு வகை வந்து போனால், உடல் அந்த வகையைத்தான் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளும். அடுத்த வகை புதுமுகமாக வந்து நிற்கும். சளிக்கு இன்றுவரை தடுப்பூசி வராததற்கும், ஒருமுறை வந்தவருக்கே திரும்பத் திரும்ப வருவதற்கும் முக்கியக் காரணம் இதுதான்.

பெரியவர்களுக்கு வருடத்துக்கு 2, 3 முறை சளி பிடிப்பது இயல்பு. சின்னக் குழந்தைகளுக்கு 6 முதல் 8 முறை. புதிதாக டே கேர், ப்ரீ கேஜி போக ஆரம்பித்த குழந்தை என்றால் 10 முறைகூடத் தாண்டலாம். ஒவ்வொரு சளியும் முழுதாக விட 7 முதல் 10 நாள் எடுக்கும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் இழுக்கும்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 முறை, ஒவ்வொன்றும் 10 நாள் என்றால் மொத்தம் 80 நாள். இந்த 80 நாளும் வருடம் முழுக்கப் பரவி வருவதில்லை, மழை, பனி மாதங்களில் நெருக்கியடித்து வரும். ஒன்று விடுவதற்குள் அடுத்தது தொற்றிக்கொள்ளும். பார்க்கிற பெற்றோருக்கு, 'இவனுக்கு எப்பப் பார்த்தாலும் சளிதான்' என்று தோன்றாமல் என்ன செய்யும்?

ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை. இரண்டு சளிக்கு நடுவில் குழந்தை ஓடியாடி விளையாடுகிறதா, வயதுக்கேற்ற எடையும் உயரமும் ஏறுகிறதா, சளி தானாகவே சரியாகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், அந்தக் குழந்தையின் எதிர்ப்பு சக்தி தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. மூக்கு ஒழுகுவது, தும்மல், தொண்டை வீக்கம், காய்ச்சல்... இவற்றில் பெரும்பகுதி வைரஸ் நேரடியாகச் செய்வதல்ல, வைரஸை எதிர்த்து உடல் செய்வது. மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் 'இன்ஃபெக்‌ஷன் முற்றிவிட்டது' என்று பதறுகிறவர்கள் ஏராளம். அந்தப் பச்சை நிறம், சண்டை போட வந்த வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் தொடங்கக் கூடாது.

சளி மாதிரி இருக்கும்... சளி இல்லை!

'எனக்கு வருஷம் பூரா சளிங்க' என்று சொல்லும் பெரியவர்களில் பலருக்கு இருப்பது சளியே அல்ல, அலர்ஜி. காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல், தண்ணீர் போல் மூக்கு ஒழுகல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, ஆனால் காய்ச்சல் கிடையாது. பத்து நாளில் விடாது. வீட்டை ஒட்டடை அடித்தாலோ, பழைய துணி மூட்டையைப் பிரித்தாலோ அதிகமாகும். இப்படி இருந்தால் அது பெரும்பாலும் தூசியிலும் மெத்தையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள், கரப்பான்பூச்சிக் கழிவு, பூஞ்சை, மகரந்தம் போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை.

இங்கேதான் வேடிக்கை. அலர்ஜி என்பது எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வருவதில்லை. தேவையில்லாத இடத்தில் அது வரிந்துகட்டிக்கொண்டு இறங்குவதால் வருவது. அவர் போய் 'இம்யூனிட்டி பூஸ்டர்' வாங்கிக் குடித்தால் என்ன பயன்? தலையணை உறை, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது, பஞ்சு அடைத்த பொம்மைகளைப் படுக்கையிலிருந்து எடுப்பது, உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது, தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மூக்கு ஸ்பிரே, இவைதான் அவருக்குப் பலன் தரும்.

குழந்தை எப்போதும் வாயைத் திறந்தே மூச்சு விடுகிறதா, இரவில் குறட்டை விடுகிறதா? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. சளியோடு ஒவ்வொரு முறையும் வீசிங் சத்தமும் வருகிறதென்றால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும்.

தயிர் செய்த பாவம் என்ன?

மழையில் நனைந்தால் சளி பிடிக்குமா? இந்தக் கேள்விக்காக இங்கிலாந்தில் மனிதர்களையே நனைத்துப் பார்த்திருக்கிறார்கள். சாலிஸ்பரி நகருக்கு அருகே 1946-ல் சளிக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கி, 40 ஆண்டுகளுக்கும் மேல் நடத்தினார்கள். தன்னார்வலர்கள் அங்கே வந்து தங்குவார்கள். அவர்களில் சிலரை வெந்நீரில் குளிக்கவைத்து, துடைக்காமலேயே குளிர்காற்று வீசும் நடையில் நிற்கவைத்தார்கள், ஈரக் காலுறையோடு உலாவவிட்டார்கள். பாவம், நடுங்கியதுதான் மிச்சம். வைரஸ் இல்லாமல் குளிர் மட்டும் யாருக்கும் சளியைக் கொண்டுவரவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2005-ல் வெளியான ஆய்வில், 90 பேரின் பாதங்களை 20 நிமிடம் குளிர்ந்த நீரில் வைத்தார்கள். இன்னொரு 90 பேர் காலித் தொட்டியில் கால் வைத்து உட்கார்ந்தார்கள். அடுத்த நான்கைந்து நாள்களில், தண்ணீரில் கால் வைத்தவர்களில் 13 பேர் சளி பிடித்ததாகச் சொன்னார்கள், மற்றவர்களில் 5 பேர். குளிரில் மூக்கின் ரத்த நாளங்கள் சுருங்க, ஏற்கெனவே மூக்குக்குள் சத்தமில்லாமல் இருந்த வைரஸுக்கு வழி கிடைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். ஆக, நனைந்து வந்த பிள்ளையின் தலையைத் துவட்டிவிடும் பாட்டி முழுக்கத் தவறில்லை. ஆனால், சளி வருவதற்கு வைரஸ் வேண்டும். அது பெரும்பாலும் மழையில் இருந்து வருவதில்லை, பக்கத்தில் இருக்கும் மனிதரிடம் இருந்துதான் வருகிறது. மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் எல்லோரும் உட்காருவது அதற்கு இன்னும் வசதி.

தயிரும் வாழைப்பழமும்? இவை சளியை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பால் குடித்தால் சளி கட்டும் என்பதையும் ஆஸ்திரேலியாவில் ரைனோ வைரஸ் தொற்று உள்ளவர்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். பால் அதிகம் குடித்தவர்களுக்கு மூக்குச்சளி அதிகமாகவில்லை. வருடத்தில் பாதி நாள் சளி என்று சொல்லி, வளரும் பிள்ளைக்குத் தயிர், பால், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கூடவே எதிர்ப்பு சக்திக்கு டானிக்கும் வாங்கிக் கொடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

செல்போன் பேட்டரி அல்ல!

'பூஸ்ட்' என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. எதிர்ப்பு சக்தி என்பது சார்ஜ் ஏற்றி 100 சதவிகிதம் ஆக்கும் பொருள் அல்ல. பல வகை அணுக்கள், புரதங்கள், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்கள் எல்லாம் சேர்ந்த ஓர் ஏற்பாடு. சத்துக் குறைபாடு இருந்தால் அது தடுமாறும். குறையைச் சரிசெய்தால் நிமிரும். குறையே இல்லாதவருக்கு மேலே மேலே ஊற்றினால் கூடுதலாக எதுவும் நடக்காது.

வைட்டமின் சி விஷயத்தைப் பார்க்கலாம். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி லைனஸ் பாலிங் 1970-ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதி, உலகத்தையே மாத்திரை விழுங்கவைத்தார். அதன் பிறகு 11,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது இதுதான்: தினமும் வைட்டமின் சி மாத்திரை போட்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி வரும் எண்ணிக்கை குறையவில்லை. வந்த சளி பெரியவர்களுக்கு 8 சதவிகிதம், குழந்தைகளுக்கு 14 சதவிகிதம் சீக்கிரம் விட்டது. பத்து நாள் சளி ஒன்பது நாளாகும், அவ்வளவுதான். சளி பிடித்த பிறகு மாத்திரையை ஆரம்பித்தால் அந்தப் பலனும் உறுதியாகக் கிடைக்கவில்லை. கொய்யாவில் ஆரஞ்சைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. தெருமுனை வண்டியில் வாங்கும் ஒரு கொய்யாவே போதும்.

மாத்திரையைவிடப் பெரிய வித்தியாசம் காட்டியது தூக்கம்தான். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 164 பேரின் தூக்கத்தைக் கையில் கட்டிய கருவியால் அளந்து, பிறகு அவர்கள் மூக்கில் ரைனோ வைரஸைச் சொட்டுவிட்டார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, இரவில் 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடச் சளி வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகம். பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை 6 மணிக்கு எழுப்பி வேன் ஏற்றும் பிள்ளை இரவு 11 வரை ரீல்ஸ் பார்த்தால், அந்த இடைவெளியை எந்தப் பவுடராலும் நிரப்ப முடியாது.

அடுத்தது ரத்தசோகை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி, இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அடிக்கடி சளி, களைப்பு, வெளிறிய முகம் என்றால் ஹீமோகுளோபின் பார்ப்பதற்கு ஆகும் செலவு, ஒரு டப்பா சத்து பவுடரைவிடக் குறைவு. குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மருந்து, முட்டை, மீன், முருங்கைக்கீரை, சுண்டல், கம்பு. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கீரையில் உள்ள இரும்பு உடலில் நன்றாகச் சேரும்.

பாட்டி வைத்தியத்தில் பாஸ் எது, ஃபெயில் எது?

மிளகு ரசம், சுக்கு மல்லிக் காபி, சிக்கன் சூப்... தாராளமாகக் குடிக்கலாம். சூடான பானம் தொண்டை வலி, குளிர் நடுக்கம், களைப்பு ஆகியவற்றுக்கு உடனடி இதம் தருவதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் ஒரு ஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேனைத் தொட்டு நாக்கில் வைப்பதுகூடக் கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சுத் தொற்று வரலாம்.

ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு மூக்கடைப்பில் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். குழந்தைக்கு வேண்டாம். போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தோடு குழந்தையை உட்காரவைத்து, அது திமிறி, வெந்நீர் மடியில் கொட்டி தீக்காயத்தோடு வருவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. குழந்தையின் மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் பச்சைக் குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதை உடனே நிறுத்த வேண்டும். கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் அப்படியே. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது ஒரு தனி வகை நிமோனியா. குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அந்தப் புகை அதன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். கொசுவத்திச் சுருள் இன்னும் மோசம். ஒரு சுருள் எரிந்து வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூடிய படுக்கையறையில் இரவு முழுக்க அதை ஏற்றிவைத்துவிட்டு, காலையில் பிள்ளை ஏன் இருமுகிறது என்று கேட்டால் எப்படி? கொசு வலை கட்டுங்கள்.

கஷாயங்களிலும் அளவு முக்கியம். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் கொடிச் சாறு குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வாதம் எதுவாக இருந்தாலும், மாதக்கணக்கில் தினமும் எதையும் குடிப்பதாக இருந்தால் சித்த மருத்துவரிடமே கேட்டுக் குடிப்பதுதான் சரி.

மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில்...

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்கு வந்தது சாதாரண சளி, காய்ச்சல். குடித்தது 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது, டைஎத்திலின் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவிகிதம் இருந்தது. அந்தச் சமயத்தில் மத்திய சுகாதாரத் துறை அனுப்பிய அறிவுறுத்தல் தெளிவாகவே சொன்னது: 2 வயதுக்குள் இருமல், சளி சிரப் கொடுக்கக் கூடாது. 5 வயதுக்குள்ளும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

கலப்படமே இல்லாத சிரப்பாக இருந்தாலும் சின்னக் குழந்தைகளுக்கு அதனால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு. குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தில், 4 வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்துவிட்டது. வீட்டில் இருக்கும் பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. 'மூணு நாள் கோர்ஸ் போட்டேன், சரியாயிடுச்சு' என்பவருக்கு, போடாமல் இருந்திருந்தாலும் சரியாகியிருக்கும். கண்ட சளிக்கெல்லாம் போடுவதால் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடுகின்றன. நாளைக்கு நிஜமான நிமோனியா வரும்போது அதே மருந்து கைவிடும். அட்டையின் பின்பக்கம் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். 2016-லிருந்து மத்திய அரசு இதைச் சொல்லி வருகிறது. இந்த விஷயத்தில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சம அளவு பொறுப்பு இருக்கிறது.

தடுப்பது எப்படி?

இதில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை, செய்வதற்குத்தான் இருக்கிறது. பள்ளி, அலுவலகத்தில் இருந்து வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுவது. முழங்கையில் தும்முவது. ஒரே கைக்குட்டையை நாள் முழுக்க உபயோகிக்காமல் இருப்பது. தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் பகிராமல் இருப்பது. சளி பிடித்த உறவினர் கைக்குழந்தையைக் கொஞ்ச வந்தால், கூச்சப்படாமல் மறுப்பது. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையை 'அட்டெண்டன்ஸ்' போய்விடும் என்று பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது.

சளி, நிமோனியாவாக மாறாமல் காக்கத் தடுப்பூசி இருக்கிறது. நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை. அட்டையில் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்களும் முதியவர்களும் வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

எப்போது ஓட வேண்டும்?

எதிர்ப்பு சக்தியில் நிஜமாகவே குறைபாடு உள்ள குழந்தைகளும் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் அவர்களைத் தவறவிடக் கூடாது. ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறை அல்லது அதற்கு மேல் காது சீழ், இரண்டு மாதம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் குணமாகாத தொற்று, எடை ஏறாமல் நிற்பது, இவற்றில் எது இருந்தாலும் டானிக்கை நிறுத்திவிட்டு குழந்தைகள் நல மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும்.

சளி பிடித்த குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் 5 வயது வரை 40 என்ற அளவைத் தொட்டால் நிமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்க மறுப்பது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் துவண்டு விழுவது என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி கிடைக்கவில்லை என்றால் 108.